மருந்துக் கழிவை ஒளிவினையூக்கி உடைக்குமா?

ஒளித்துகள்:
ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வந்தது. சுத்திகரித்து வெளியே விட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. ஒரே நாளில் வெளியேறியது ஏறக்குறைய 45 கிலோ. ஸ்வீடன் நாடே ஐந்து நாளில் பயன்படுத்தும் அளவு இது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். படித்த நாளிலிருந்து மனதை விட்டு அகலவில்லை.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை, பாக்டீரியாவை நம்பி ஓடும் தொட்டி எப்படிக் கையாளும்? அங்கேதான் ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருள், உதவும் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றான டைட்டானியம் டை ஆக்சைடு பெயின்ட்டில் போடுகிற வெள்ளைப் பொடிதான். அதில் புற ஊதா ஒளி பட்டால் எலக்ட்ரான் ஒன்று மேலே தாவும். அது விட்டுப்போன துளை நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பு (ராடிக்கல்) என்ற, உடனே வினைபுரியும் துகளைத் தரும். அது எந்தக் கரிம மூலக்கூறையும் தாக்கும். வெயிலுக்கு நம்மிடம் குறைவில்லையே, ஏன் இது ஆலைகளுக்குள் வரவில்லை?

தொட்டிக்காரர்:
தம்பி, நான் பதினான்கு வருடமாக மருந்து ஆலையில் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓட்டுகிறேன். இதே முறையில் ஓடும் கருவியை ஒருவர் எங்களிடம் விற்க வந்தார். சுத்தமான தண்ணீரில் மருந்தைக் கரைத்து விளக்கைப் போட்டார், அரை மணியில் காணாமல் போனது. எங்கள் கழிவுநீரை ஊற்றினோம். சாயங்காலம்வரை ஓடியும் மருந்தின் அளவு இறங்கவே இல்லை.

காரணம் நீங்கள் சொன்னதிலேயே இருக்கிறது. எதையும் தாக்கும் என்றால், மருந்தைத் தேடிப்போய்த் தாக்காது என்றுதானே பொருள்? எங்கள் நீரில் சிஓடி, அதாவது ஆக்சிஜனேற்ற வேண்டிய மொத்த அழுக்கின் அளவு, ஆயிரக்கணக்கில் நிற்கும். மிச்சக் கரைப்பானும் பைகார்பனேட்டும் தனியுறுப்பை முதலில் தின்றுவிடும். கலங்கல் வேறு, ஒளி உள்ளே இறங்காது. அப்புறம் அந்தப் பொடி இருபது இருபத்தைந்து நானோமீட்டர்தான். அதைத் திரும்ப எடுக்க மெம்பரேன் (வடிகட்டும் மெல்லிய சவ்வு) வைத்தால் மெம்பரேன் அடைக்கும். வெயிலை நம்பவும் வழியில்லை. இந்த டைட்டானியப் பொடியின் அனாடேஸ் என்ற படிக வகைக்கு 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி வேண்டும். சூரிய ஒளியில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான்.

கரிப்படுகை:
அண்ணன் சொல்வது சரி. ஸ்விட்சர்லாந்தில் மருந்து போன்ற, மிகக் குறைந்த அளவில் நீரில் கலக்கும் நுண்மாசுகளை நீக்க 2016இல் சட்டமே வந்தது. அங்கே நகரக் கழிவுநீர் நிலையங்களில் வைப்பது ஓசோனும் கிளர்வூட்டிய கரியும் (ஆக்டிவேட்டட் கார்பன்). இரண்டும் இன்றைக்கே வாங்கக் கிடைக்கின்றன. ஆராய்ச்சி முடியட்டும் என்று ஆறு காத்திருக்காது.

ஒளித்துகள்:
கரி மருந்தை உடைப்பதில்லை, பிடித்து வைக்கிறது. நிரம்பிய கரியை உலையில் போட்டுத்தான் மீட்க வேண்டும். நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும், அது புற்றுநோய் சந்தேகம் உள்ள பொருள். ஒளிப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது: கார்பன் நைட்ரைடு வினையூக்கி 460 நானோமீட்டர்வரை, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையும் எடுத்துக்கொள்ளும். பொடியைக் கண்ணாடி மணிகளில் ஒட்டலாம். ஸ்பெயினின் அல்மேரியாவில், வளைந்த ஆடிகளால் வெயிலைக் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீர்மேல் விழவைத்துப் பல வருடமாகச் சோதிக்கிறார்கள்.

கலங்கல் பற்றி அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன், எல்லாக் கழிவும் கலந்த பிறகு ஏன் சுத்திகரிக்க வேண்டும்? மருந்து உற்பத்தியாகும் இடத்திலேயே வைத்தால்?

மாத்திரைவாணி:
நான் மருந்தாளுநர். இருவருமே ‘உடைந்தது’ என்கிறீர்கள், எது உடைந்தது? சிப்ரோஃப்ளாக்சசினில் பெரும்பாலும் மூலக்கூறின் ஒரு பகுதியான பைப்பரசின் வளையம்தான் முதலில் சிதையும். கிருமியைத் தாக்கும் குயினோலோன் மையம் அப்படியே நிற்கலாம். கருவி ‘மருந்து இல்லை’ என்று காட்டும், நீருக்கோ இன்னும் கிருமியைத் தடுக்கும் சக்தி இருக்கும். கிருமிகளிடம் மருந்தை எதிர்க்கும் திறன் வளர அது போதும். ஈ.கோலை பாக்டீரியா வளர்த்த தட்டில் அந்த நீரில் ஒரு சொட்டு வைத்து, கிருமி வளராத தடுப்பு வளையம் வருகிறதா என்று பார்க்காத எந்த முடிவையும் நான் ஏற்க மாட்டேன். ஓசோனுக்கும் இதே கேள்விதான், கரிப்படுகை.

தொட்டிக்காரர்:
அம்மா சொன்னது முக்கியம், எங்கள் ஆய்வகத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை.

தம்பி, உற்பத்தி இடத்தில் என்றால் தாய்த்திரவத்தை, அதாவது மருந்துப் படிகத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் திரவத்தை, தொடாதீர்கள், அது முழுக்கக் கரைப்பான். ஆனால் ரியாக்டரைக் கழுவும்போது வரும் கடைசி அலசல் நீர் வேறு மாதிரி. தெளிவாக இருக்கும், அளவு குறைவு, மருந்து மட்டும் கொஞ்சம் இருக்கும். அதைத் தனிக் குழாயில் பிரித்தால் உங்கள் முறைக்கு வழி உண்டு. இதுவரை அப்படி யோசித்ததில்லை.

யார் செலவு செய்வார் என்பது அடுத்த கேள்வி. ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் அளவுக்கு வரம்பு வைத்து 2020 ஜனவரியில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. அளக்கச் சொல்லாத ஒன்றுக்கு எந்த முதலாளியும் குழாய் போட மாட்டார். எனக்கு அதில்தான் கோபம்.

ஒளித்துகள்:
அலசல் நீர் ஐந்து லிட்டர் கிடைக்குமா அண்ணா? மாத்திரைவாணி அக்கா சொன்ன தட்டுச் சோதனையோடு செய்கிறேன்.

தொட்டிக்காரர்:
நீரை வெளியே கொடுக்க நிர்வாகம் சம்மதிக்காது. உப்பு, காரத்தன்மை, மிச்ச ஆல்கஹால் என்ன அளவில் இருக்கும் என்று எழுதி அனுப்புகிறேன், அதே மாதிரி கலந்துகொள்ளுங்கள். விளக்கைப் போடும் முன் இருட்டில் ஒரு மணி நேரம் கலக்கிவிட்டு அளந்து பாருங்கள். பொடியில் ஒட்டிக்கொண்ட மருந்தை உடைந்த கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், எங்களிடம் விற்க வந்தவர் அதைச் செய்து காட்டவே இல்லை.