முதல் புத்தகமா, ஐந்து பாகமா?

கரிசல்காரன்:
புதிதாகப் படிக்க வருகிறவர் யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘பொன்னியின் செல்வன்’ என்பவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. அதைப் படிக்காதவர் தமிழ் வாசகரே இல்லை என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார். அம்மா தாயே, அது ஐந்து பாகம்! பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே பதினைந்து வயதுப் பையன் ஒருத்தனை வெட்டிவிட்டு ஓடுகிறான். கீழே வைக்க மனசு வராது.

குந்தவை:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வாரா வாரம் வந்த தொடர் அது. அடுத்த வாரம் வாங்க வைக்க வேண்டுமே, அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியோடுதான் முடியும். எட்டாவதோடு நின்ற என் பாட்டியே படித்தார். உங்களுக்கு என்ன கஷ்டம்?

கரிசல்காரன்:
பாட்டிக்கு வாரம் ஒரு துண்டு. இப்போது வாங்குகிறவன் தலையில் மொத்தமாக ஐந்து பாகம்.

பழைய பேப்பர்:
‘வெக்கை’ வந்தது 1982இல். 2019இல் அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் வந்த பிறகுதானே பாதிப் பேருக்குப் பூமணியே தெரியும்?

கரிசல்காரன்:
நான் கோவில்பட்டிக்காரன். எனக்குப் பூமணியைக் காட்ட தனுஷ் வர வேண்டாம். 2022இல் மணிரத்னம் படம் பார்த்துவிட்டு செட்டாக வாங்கி டிவிக்குப் பக்கத்தில் அடுக்கியவர்களிடம் போய்க் கேளுங்கள். எத்தனை பாகம் பிரித்தார்கள் என்றும் கேளுங்கள்.

குந்தவை:
என்னைச் சொல்கிறீர்களா? என்னிடம் இருப்பது பாட்டி கல்கியிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு.

மழைக்காகிதம்:
எதற்குச் சண்டை? அசோகமித்திரன் சிறுகதை நாலு கொடுத்தால் போச்சு.

கரிசல்காரன்:
பஞ்சாயத்து அப்புறம் பண்ணலாம். போன புத்தகக் காட்சியில் வாங்கிப்போன என் ‘கோபல்ல கிராமம்’ எங்கே?

மழைக்காகிதம்:
உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டேனே.

கரிசல்காரன்:
எனக்குத் தம்பியே கிடையாது.

பழைய பேப்பர்:
குந்தவை மேடம், மணியம் படங்களோடா? எல்லா வாரமும் இருக்கிறதா? விலை பேசலாமா?

கரிசல்காரன்:
பார்த்தீர்களா, இவருக்கும் படம்தான் வேண்டும். ஐந்து பாகத்தையும் படிக்க ஆள் இல்லை.

குந்தவை:
விற்பதற்கில்லை. பழைய பேப்பர், இன்னொரு தடவை விலை கேட்டால் பிளாக் செய்துவிடுவேன்.

பழைய பேப்பர்:
ஸ்கேன் மட்டும்?