105 கிலோ ஆளுக்குப் பழைய ட்ரையல்ஸ் பைக்: எந்த ஸ்பிரிங் சரியாக இருக்கும்?

நண்பர்களே, என்னிடம் இருப்பது 1975 யமஹா டிஒய்175, பாறை மேட்டில் நின்றபடி மெதுவாக ஓட்டுகிற ட்ரையல்ஸ் பைக், பின்னால் இரட்டை ஷாக் (ஸ்பிரிங் வைத்த அதிர்வுதாங்கி). ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) எழுந்து நின்று அளந்தால் பின்பக்கம், சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்த தூரத்தில் பாதிக்கு மேல் அமுங்கிவிடுகிறது, மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் போதும். ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, கடைசிப் படி வரை ஏற்றினேன், உயரம் வந்தது, ஆனால் அதனால் ஸ்பிரிங் கடினமாகிவிடாதே, பாறையிலிருந்து இறங்கும்போது இன்னும் டங்கென்று அடியில் முட்டுகிறது. அப்புறம் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்த்தேன். அது தப்பு. அமுங்கும் வேகம்தான் குறைந்தது, சின்னக் கல்லுக்கெல்லாம் முன்சக்கரம் துள்ளி, பிடிப்பே போய்விட்டது. பழைய ஆயிலுக்கே திரும்பிவிட்டேன்.

என் எடையில் ஓட்டுகிறவர்கள் பின்னால் என்ன ரேட் (கடினத்தன்மை) ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்கள்? முன்னால் ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்தால் போதுமா, ஸ்பிரிங்கையே மாற்றணுமா? அளந்த எண்ணோடு சொன்னால் பெரிய உதவி.