தசைக்குள் ஓடும் கொழுப்புக்கு என்ன சொல்? (மடலாடல்)

அன்புள்ள குழுவினருக்கு,
கால்நடைப் பாடநூல் மொழிபெயர்ப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இறைச்சி மாட்டை வெட்டுமுன்பே, கழுத்துச் சிரையில் எடுத்த ரத்தத்தை வைத்து அதன் கொழுப்பைக் கணிப்பது பற்றிய பாடம். லெப்டின் (கொழுப்புத் திசு சுரக்கும் இயக்குநீர்), வைட்டமின் ஏ, கொழுப்பமிலங்கள் எல்லாவற்றுக்கும் சொல் வந்துவிட்டது. தசை இழைகளுக்கு இடையே வெள்ளை வெள்ளையாய் ஓடுமே, மார்ப்ளிங், அதில்தான் நிற்கிறேன். ‘பளிங்குக் கொழுப்பு’ போடலாமா?
— கா.

பளிங்கு என்றால் நமக்குத் தெளிவு. இதுவோ கோடு கோடாய் ஓடுவது. ‘நிணம்’ என்று சங்கச் சொல் இருக்கக் கொழுப்பு எதற்கு? ‘ஊடுநிணம்’ என்க.
— வே.

ஐயா, நிணநீர் என்று வேறொன்றை மாணவர்கள் படித்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனைப் பாடத்தில் இரண்டும் குழம்பும். ‘ஊடுகொழுப்பு’ போதும்.
— கால்நடை மருத்துவர்

வினைத்தொகையாகப் பிரித்தால் ஊடிய, ஊடுகின்ற, ஊடும் கொழுப்பு. மாடு யாரோடு ஊடுகிறதாம்?
— வே.

ஊடுருவலும் ஊடகமும் எந்த ஊடலில் பிறந்தன? ஊடு என்றால் இடை, அவ்வளவுதான். அப்புறம் கொழு என்ற வேரைப் பாருங்கள்: கொழுமை, கொழுந்து, கொழுநன், ஏர்க்கொழு எல்லாம் ஒரே குடும்பமோ என்பது என் ஊகம்.
— சு.

கொழுநனை விடுங்கள். பாடத்தில் கொழுப்பின் அளவு வேறு, சேர்மானம் வேறு. நிறைவுற்ற கொழுப்பமிலமான ஸ்டியரிக் உருக 69 பாகை செல்சியஸ் வேண்டும். நிறைவுறாத ஒலியிக் அறை வெப்பத்திலேயே நீர்மம். தீவனத்தின் நிறைவுறாக் கொழுப்பில் பெரும்பகுதியை அசையிரைப்பை (மாட்டு வயிற்றின் முதல் அறை) நுண்ணுயிர்கள் நிறைவுறச் செய்துவிடும். பிறகு திசுவிலுள்ள நொதி ஸ்டியரிக்கில் ஒரு பகுதியை ஒலியிக்காக மாற்றும். அந்த மாற்றம் தசைக்குள்ளேயும் நடப்பதால் ரத்தத்தில் அப்படியே தெரியாது. ஆகவே தலைப்பில் ‘கண்டறிதல்’ வேண்டாம், ‘கணிப்பு’ என்றே இருக்கட்டும். இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.
— கால்நடை மருத்துவர்

சரி, ‘கணிப்பு’ என்று திருத்திவிட்டேன். வேறு யாரும் மறுக்காததால் ‘ஊடுகொழுப்பு’. முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே மார்ப்ளிங். கோப்பு போய்விட்டது.
— கா.

மறுக்காததால் என்றால்? நான் மறுத்தேனே. ‘ஊடுநிணம்’ அடுத்த பதிப்புக்கு நிலுவையில் இருக்கிறது.
— வே.