ஓரமாப் போனால்தான் பயம்: அம்மாபேட்டையிலிருந்து ஐந்து ரோடு வரை சைக்கிளில்

சைக்கிளில் ஆபீஸ் போகிறேன் என்றதும் சேலத்தில் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "ஓரமாப் போங்க." அம்மாபேட்டையிலிருந்து ஐந்து ரோடு வரை தினம் போய்வருகிறவன் சொல்கிறேன், அந்த ஓரத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

ஓரத்தில் என்னதான் இல்லை? மழைத்தண்ணீர் அடித்து வந்து சேர்த்த மணல், சாக்கடை மூடியின் உடைந்த விளிம்பு, சரக்கு இறக்க நிற்கிற மினி லாரி, ராங் சைடில் போன் பேசிக்கொண்டே வருகிற பைக். இவற்றையாவது தூரத்திலேயே பார்த்துவிடலாம். நிற்கிற காரின் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? பழைய பஸ் ஸ்டாண்ட் தாண்டி ஒருநாள் அப்படித்தான் டிரைவர் பக்கக் கதவு சட்டென்று முழுசாகத் திறந்தது. நான் கொஞ்சம் தள்ளி வந்ததால் கதவின் விளிம்புக்கும் என் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிஞ்சியது. இறங்கியவர் ஒரு கையில் பூப்பொட்டலம், இன்னொரு கையில் சாவி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓரமா வரக் கூடாதா தம்பி?" என்றார். ஓரமாக வந்திருந்தால் அந்தக் கதவிலேயே மோதியிருப்பேன் சார் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே ரோட்டு விளிம்பிலிருந்து மூன்றடியாவது உள்ளே தள்ளித்தான் ஓட்டுகிறேன். வண்டிகள் நிற்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி. பின்னால் ஹாரன் அடிப்பார்கள்தான், அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவன் நம்மைப் பார்த்துவிட்டான். அடிக்காமல் வருகிறவனை நினைத்துத்தான் கவலை.

அடுத்து டவுன் பஸ். நம்மை முந்திப் போய், உடனே இடதுபக்கம் ஒடித்து ஸ்டாப்பில் நிற்பது அவர்கள் வழக்கம். பஸ்ஸின் இடது பக்கத்தை ஒட்டி வருகிற சைக்கிள் டிரைவர் கண்ணில் சுலபமாகப் படாது. நின்ற பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே நுழைந்து போகவே கூடாது, படியிலிருந்து இறங்குகிறவர் நேராக நம் மேல்தான் இறங்குவார். பஸ் பின்னாலேயே நின்றுவிடுவது உத்தமம். ஒரு தடவை படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "யோவ் சைக்கிள், ஓரமாப் போய்யா!" என்று கத்தினார். அடுத்த சிக்னலில் அதே பஸ் நின்றது, நானும் போய்ச் சேர்ந்தேன். "அண்ணே, ஓரத்துக்கு நீங்கதானே வர்றீங்க, நான் எங்க போறது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "டைமிங் தம்பி. பின்னாடி வண்டி வந்துட்டா கலெக்‌ஷன் போச்சு." அந்த பஸ் எப்போதாவது என்னைத் தாண்டும்போது இப்போதெல்லாம் அவர் கையை வெளியே நீட்டி, ஸ்டாப்பில் ஒதுங்கப்போவதைக் காட்டுகிறார். மற்ற பஸ்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

வலதுபக்கம் திரும்புவதற்கு எனக்குப் பாடம் எடுத்தவர் ஒரு நெசவுக்காரப் பெரியவர். பட்டைக்கோயில் பக்கம், கேரியரில் பாவு கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கையை நீட்டினார், கழுத்தைத் திருப்பிப் பின்னால் வந்த ஆட்டோக்காரரை நேராகப் பார்த்தார், ஆட்டோ வேகம் குறைந்த பிறகே திரும்பினார். நானும் அவர் பின்னாலேயே திரும்பிவிட்டேன். "வெறுமனே கைய நீட்டினா எவனும் நிக்க மாட்டான் தம்பி. அவன் மூஞ்சியப் பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து நானும் மூஞ்சியைப் பார்க்கிறேன். பெரும்பாலும் வேலை செய்கிறது, தண்ணி லாரிக்காரர்களிடம் தவிர.

ஐந்து ரோடு வழியாகப் போகிற ஈரடுக்கு மேம்பாலத்தை 2020ல் திறந்தார்கள். மொத்தம் 7.87 கிலோமீட்டர். மேலே போனால் சிக்னல் இல்லையே என்று சைக்கிளோடு ஏறிவிடாதீர்கள். ஏற்றத்தில் நம் வேகம் நடை வேகத்துக்கு வந்துவிடும், பின்னால் வருகிறவர்கள் சிக்னல் இல்லாத குஷியில் முடுக்கிக்கொண்டு வருவார்கள், ஒதுங்க இடமும் கிடையாது. கீழ் ரோடுதான் நமக்கு. ஆனால் அங்கே தூண் மறைவிலிருந்து ஆள் வருவார், யூ டர்ன் அடிக்கிற ஸ்கூட்டி வரும். தூணை நெருங்கும்போது பெடல் மிதிப்பதை நிறுத்திவிட்டு, பிரேக் மேல் விரலை வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட், டைட்ஸ் போட்டு, கியர் சைக்கிளில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறவர்களுக்குக் கார்க்காரர்கள் கட்டைவிரல் உயர்த்திக் காட்டுகிறார்கள். திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் மாட்டின சாதா சைக்கிளுக்கு அதே ஊரில் "யோவ்" தான். ரோடு போடும்போதும் அந்த "யோவ்" கணக்கில்தான் நம்மை வைத்திருக்கிறார்கள் போல.

மழைக்காலம் வருகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கிளம்பும் முன் சேர்வராயன் மலைப் பக்கம் பாருங்கள். கறுத்திருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பினாலும் தப்பில்லை. நனைந்த ரிம்மில் கட்டை பிரேக் உடனே பிடிக்காது. முதலில் இரண்டு மூன்று தடவை லேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

சூரமங்கலம் பக்கம் ஓட்டுகிறவர்கள் யாராவது, குரங்குச்சாவடியை எப்படிக் கடக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அந்தப் பக்கம் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.