கொரோனா காலத்து பிஎம் கிசான் பணம்: எங்க ஊர்ப் பக்கம் நடந்தது, மூணு பேர் சொன்னது

(சங்கராபுரம் பக்கம்)
பிஎம் கிசான்ங்கிறது சொந்த நிலம் வச்சிருக்கிற விவசாயிங்களுக்கு மத்திய அரசு குடுக்கிற பணம். 2020 மார்ச் 26ஆம் தேதி அறிவிச்சபடி, ஏப்ரல்லயே அதுல 2,000 ரூபாய் கணக்குல ஏறுச்சு. வருசத்துக்கு வர்ற 6,000த்துல ஒரு தவணைதான் அது, தனி நிவாரணம்னு யாரும் நினைக்க வேண்டாம். ஆனா மரவள்ளிக் கிழங்கை வாங்க ஆள் வராத அந்த நேரத்துல, எங்க வீட்டுக்கு அது பெரிய காசு.

நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் நடந்தது. சென்ட் நிலம்கூட இல்லாதவங்க கணக்குலயும் பணம் வர ஆரம்பிச்சுது. எங்க சின்னம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க. ஒரு ஆள் வந்து, "கொரோனா பணம்மா, ஆதாரும் பாஸ்புக்கும் ஜெராக்ஸ் குடு"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனான். பணம் ஏறுனதும் பாதியைக் கமிஷன்னு எடுத்துக்கிட்டான். தன்னை விவசாயின்னு பதிஞ்சிருக்காங்கன்னே சின்னம்மாவுக்குத் தெரியாது.

ஆகஸ்ட்ல விசயம் வெளிய வந்துச்சு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு 13 மாவட்டத்துல 110 கோடி ரூபாய் தப்பான ஆளுங்களுக்குப் போயிருக்குன்னு அப்போ வேளாண் துறைச் செயலாளரா இருந்த ககன்தீப் சிங் பேடி செப்டம்பர்ல சொன்னார். பதிவு விதியைத் தளர்த்தினதையும், அதிகாரிங்களோட பாஸ்வேர்டையும் வச்சுத்தான் பெயர்களை ஏத்தியிருக்காங்க. சிபிசிஐடி போலீஸ் விசாரிச்சு இடைத்தரகர்களைக் கைது பண்ணுச்சு, சரி. ஆனா சின்னம்மா கணக்கையும் முடக்கிட்டாங்க. நூறு நாள் கூலி வர்றதும் அதே கணக்குதான்! கமிஷனாப் போனதையும் சேர்த்து முழுசாத் திருப்பிக் கட்டின பிறகுதான் கூலியை எடுக்க முடிஞ்சுது. கையெழுத்துப் போடத் தெரியாத பொம்பளைகிட்ட இதைச் செஞ்சது அநியாயம்னு இன்னிக்கும் சொல்வேன்.

(மரக்காணம் பக்கம்)
நாங்க குத்தகைக்குத் தர்பூசணி போட்டிருந்தோம். ஏப்ரல்தான் வெட்டுற மாசம். லாரி வரல, காய் கொல்லையிலேயே அழுகிடுச்சு. விதைக்கும் உரத்துக்கும் வாங்கின கடன் எங்க தலையில. 2,000 ரூபாய் வந்தது சென்னையில இருக்கிற நிலத்துக்காரருக்கு, பட்டா அவர் பேர்லதானே இருக்கு. அவர் மேல எனக்கு வருத்தம் இல்லை, அந்த வருசக் குத்தகையில கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். நட்டப்பட்டவன் யாருன்னு பார்க்காம, பட்டாவை மட்டும் பார்த்துக் கொடுத்தா அதுக்குப் பேர் நிவாரணமா?

(விருத்தாசலம் பக்கம்)
மரக்காணத்து அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. எங்களுக்குச் சொந்த நிலமே இருக்கு, ஆனா பட்டா தாத்தா பேர்ல. அவர் காலமாகிப் பல வருசம் ஆச்சு. அப்பாவும் ரெண்டு சித்தப்பாவும் பாகம் பிரிச்சுப் பயிர் வைக்கிறாங்க, மூணு பேருக்கும் ஒரு பைசா வரல. ஊரடங்குல இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுன்னு எந்த ஆபீசுக்குப் போறது? உட்பிரிவு பண்ணித் தனிப் பட்டா வாங்குறதுக்குள்ள கொரோனாவே ஓய்ஞ்சுடுச்சு. இன்னும் தாத்தா பேர்லயே பட்டா வச்சிருக்கிறவங்க, பாகஸ்தர்கள் எல்லாரும் உயிரோட, ஒத்துமையா இருக்கும்போதே மாத்திடுங்க. வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடுன்னு எதுக்குப் போனாலும் நிலம் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற சிட்டாவைத்தான் முதல்ல கேக்குறாங்க.