மியூனிக்ல ஆறு மாச இன்டர்ன்ஷிப்: ரெண்டு வாரம் முன்னாடி போனா போதுமா?

பாபநாசம்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் கடைசி வருஷம். பாடத்திட்டத்துலயே உள்ள கட்டாய இன்டர்ன்ஷிப், மியூனிக்ல ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. நீண்ட காலம் தங்கறதுக்கான டி விசா வந்தாச்சு. மார்ச் 15 வாக்குல கிளம்பலாம்னு இருக்கேன்.

ரூம் இன்னும் அமையல. முதல் மாசம் ஏர்பிஎன்பி எடுத்துட்டு அங்க போய்த் தேடிக்கலாம்னு ஒரு யோசனை. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, மார்க்‌ஷீட்ல மட்டும் இனிஷியல் இருக்கு. இதால ஏதாவது இடிக்குமா? அம்மா இப்பவே நெய், ஊறுகாய், வத்தல்னு எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. எதை விடுவாங்க, எதைப் பிடுங்குவாங்க?

அரசலாறு

தம்பி, ரெண்டு வாரம் போதும், ஆனா ரூம் கையில இருந்தாத்தான். ஜெர்மனியில எல்லாக் காகிதமும் விலாசத்துலதான் தொங்குது, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குடியேறின ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி அலுவலகத்துல விலாசப் பதிவு செய்யணும். அன்மெல்டுங்னு பேரு. மியூனிக்ல அந்த அலுவலகத்துக்கு பியூர்கர்பியூரோன்னு பேரு. பாஸ்போர்ட், பூர்த்தி செஞ்ச படிவம், அதோட வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங், அதாவது "இவர் இந்தத் தேதியிலிருந்து என் வீட்டில் குடியிருக்கிறார்"ங்கிற தாள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி இதைச் சமாளிக்க முடியாது, ரெண்டும் வேற வேற. குறுகிய கால ஏர்பிஎன்பிக்காரங்க பெரும்பாலும் இந்தத் தாளைத் தர மாட்டாங்க. உங்க திட்டம் இடிக்கிற இடம் இதுதான்.

பதிவு ஆனதும் வரி அடையாள எண் தபால்ல வரும். பொதுவா ரெண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். அந்த எண் கம்பெனிக்குப் போகலைன்னா சம்பளத்துல ஆறாம் வகுப்பு வரி பிடிக்கலாம், இருக்கிறதுலயே அதிகம் பிடிக்கிற வகுப்பு அது. பிறகு கணக்குத் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்கலாம், ஆனா முதல் மாசம் கை சுருங்கிடும்.

இதுல நம்ம ஆளுங்க நிறைய பேர் கோட்டை விடுற இடம் தபால் பெட்டி. அங்க கதவு எண் பார்த்து யாரும் தபாலைச் செருகிட்டுப் போறதில்லை, பெட்டி மேல பேர் ஒட்டியிருக்கணும். இல்லைன்னா கடிதம் வந்த வழியே திரும்பிடும். பேங்க் கார்டு, வரி எண், இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் அந்தப் பெட்டி வழியாத்தான். சாவி வாங்கின அன்னிக்கே பேரை ஒட்டுங்க. கூட இருக்கிறவங்க பேருக்குக் கீழ சின்னச் சீட்டா ஒட்டினாலும் போதும்.

பேர் விஷயம்: விசா ஒட்டியாச்சு, இனிமே பாஸ்போர்ட்டைத் தொடாதீங்க. சர்நேம் காலின்னா டிக்கெட்ல எப்படிப் போடணும்னு ஒவ்வொரு விமான கம்பெனிக்கும் ஒரு வழக்கம் இருக்கு, அவங்ககிட்டயே கேட்டு பதிவு பண்ணுங்க. ஒப்பந்தம், வங்கி, இன்சூரன்ஸ், தபால் பெட்டி எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல உள்ள எழுத்துக்கு எழுத்து. மார்க்‌ஷீட்ல இருக்கிற இனிஷியலை எங்கயும் இழுத்துட்டு வராதீங்க. ஒரு இடத்துல இனிஷியலோடயும் இன்னொரு இடத்துல இல்லாமலும் இருந்தா கணினி ரெண்டு ஆளா எடுத்துக்கும்.

ரூம் தேட டபிள்யூஜி-கெஸுக்ட் தளத்துல "ஸ்விஷன்மீட்டே"ன்னு போட்டுப் பாருங்க. வெளியூர் போற மாணவர் தன் ரூமைச் சில மாசத்துக்கு உள்வாடகைக்கு விடுறது. பல்கலைக்கழகத்துல கோடை செமஸ்டர் ஏப்ரல்ல தொடங்கறதால பிப்ரவரி, மார்ச்ல நிறைய வரும். விளம்பரத்துல "அன்மெல்டுங் முடியுமா"ன்னு முதல் செய்தியிலயே கேட்டுடுங்க. பல்கலைக்கழக விடுதியை நம்பாதீங்க, அது பெரும்பாலும் அங்க சேர்ந்து படிக்கிறவங்களுக்கு.

இன்னொண்ணு, "இது பாடத்திட்டத்தில் உள்ள கட்டாயப் பயிற்சி"ன்னு கல்லூரி லெட்டர்பேட்ல ஒரு கடிதம் வாங்கிக்கோங்க. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், இன்சூரன்ஸ் ரெண்டுக்கும் கம்பெனி அதைக் கேட்கும். செமஸ்டர் முடிஞ்சப்புறம் டீன் ஆபீஸ்ல கையெழுத்துக்கு மெயில் மேல மெயில் அனுப்பிட்டு உட்கார முடியாது.

நீடாமங்கலம்_ஜங்ஷன்

அரசலாறு சொன்னதுக்கு மேல விலாசத்துல எதுவும் இல்ல. நான் பயணப் பெட்டிக்கு வர்றேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதுவும் பயணிகள் கொண்டு போகக் கூடாது. அதனால நெய் கிடையாது, பால்கோவா கிடையாது. மோர் மிளகாயும் தயிர்ல ஊறினதுதான், விட்டுடுங்க. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, மாங்காய் எல்லாம் தாவரச் சான்றிதழ் இல்லாம உள்ள போகாது. கறிவேப்பிலையை நிழல்ல காய வச்சுப் பொடியாக்கிக் கொடுக்கச் சொல்லுங்க. சாம்பார்ப் பொடி, புளி, பருப்புப் பொடி, எண்ணெய் ஊறுகாய், அரிசி வத்தல், கும்பகோணம் காபித் தூள் இதுக்கெல்லாம் தொந்தரவு இல்ல. ஊறுகாயை மட்டும் கைப்பையில வைக்காதீங்க, திரவக் கணக்குல 100 மில்லி தாண்டினா ஸ்கேனர்லயே போயிடும். மூடிக்குக் கீழ பிளாஸ்டிக் தாள் வச்சு இறுக்கி, தனிப் பையில கட்டி, பெட்டிக்குள்ள நடுவுல துணிக்கு இடையில வைக்கணும்.

வேடிக்கை என்னன்னா மீன் 20 கிலோ வரை சட்டப்படி போகும். நாகப்பட்டினம் கருவாட்டுக்குத் தடை இல்ல. பொதுச் சமையலறையில அதை வறுத்துட்டு கூட இருக்கிறவங்க முகத்துல எப்படி முழிக்கிறதுங்கிறது உங்க பாடு.

மருந்து மூணு மாசத்துக்கு மேல வேண்டாம். டாக்டர் சீட்டு கூட இருக்கட்டும், மருந்தின் மூலப்பேரோட.

மின்சாரம் அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜ் மாற்றி எதுவும் வாங்க வேணாம், அடாப்டர் போதும். மெல்லிசான ரெண்டு முள் சார்ஜர் நேராவே போகும். மிக்சியோட மூணு முள் பிளக் மட்டும் போகாது, அதுக்கு எர்த் உள்ள அடாப்டரை இங்கயே வாங்கிடுங்க. குக்கர் எடுத்துட்டுப் போறதுன்னா அடிப்பாகம் தட்டையான ஸ்டீல். இண்டக்‌ஷன் அடுப்புல அலுமினியம் சூடேறாது.

விமானம்: திருச்சியிலிருந்து வளைகுடா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொண்ணுன்னு தனித்தனியா எடுத்தா சல்லிசா தெரியும். ஆனா பெட்டி நேரா போகாது, நடுவுல இறங்கி எடுத்து மறுபடி போடணும், அதுக்கு அந்த நாட்டு விசாவும் கேட்கலாம். ஒரே டிக்கெட்டா எடுங்க. சென்னையிலிருந்து விமானம் நடுராத்திரி தாண்டினதும் கிளம்பினா டிக்கெட் தேதி 15னு இருக்கும், ஏர்போர்ட்ல இருக்க வேண்டியது 14 ராத்திரி. உழவன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடும்போது இதைப் பார்த்துப் போடுங்க, 14 காலையில சென்னையில இறங்கறாப்ல.

கொள்ளிடக்கரை

அன்றாட விஷயம் கொஞ்சம்.

மார்ச்ல மியூனிக்ல ராத்திரி பூஜ்யத்தைத் தொடும், ஏப்ரல்லயும் பனி விழுறதுண்டு. நம்ம ஊர் மார்கழிக்கு வாங்கின ஸ்வெட்டர் உள்ளுக்குப் போட உதவும், மேல காத்தும் தண்ணியும் புகாத ஜாக்கெட் வேணும். அதை அங்கயே வாங்குங்க.

கடைகள் ராத்திரி 8 மணிக்கு மூடும். ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடல், மெயின் ஸ்டேஷன், ஏர்போர்ட் மாதிரி சில இடங்கள்ல மட்டும் திறந்திருக்கும். புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் விடுமுறை. சனிக்கிழமை பால், ரொட்டி, அரிசி வாங்கி வச்சுடணும். மெயின் ஸ்டேஷன் தெற்குப் பக்கத் தெருக்கள்ல நம்மூர்ச் சாமான் கிடைக்கும். ஃபில்டர் காபிக்கு 3.5 சதவீதக் கொழுப்புன்னு போட்ட பாலை எடுங்க, 1.5 தண்ணியா இருக்கும். பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, ஒரு தடவை பயன்படுத்துற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்ப வரும், கடை வாசல்லயே மெஷின் இருக்கும்.

சோறு வடிச்சு, குழம்பு கொதிக்க விட்டு, துணியையும் ரூம்லயே காயப்போட்டா சுவர்ல பூஞ்சை பிடிக்கும், கடைசியில முன்பணத்துல கழிப்பாங்க. ஜன்னலை லேசா சாய்ச்சு நாள் முழுக்க விடுறதுல பலன் இல்ல, சுவர்தான் குளிரும். ஹீட்டரை அணைச்சுட்டு முழுசாத் திறந்து அஞ்சு பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. மிளகாய் தாளிக்கும்போது புகை அலாரத்தையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

பயணத்துக்கு டாய்ச்லாண்ட்டிக்கெட், 2026 ஜனவரியிலிருந்து மாசம் 63 யூரோ. எஸ்-பான் (புறநகர் ரயில்), யு-பான் (மெட்ரோ), டிராம், பஸ், உள்ளூர் ரயில் எல்லாம் அடக்கம், ஏர்போர்ட்டுக்கு வர்ற எஸ்1, எஸ்8 உட்பட. ஐசிஇ-ங்கிற அதிவேக ரயில்ல ஏறக் கூடாது. இது சந்தா, தானா நீளும். நிறுத்தணும்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள சொல்லணும். செப்டம்பர் 10 தாண்டிச் சொன்னா அக்டோபருக்கும் பணம் போகும்.

விலாசம் பதிஞ்ச கொஞ்ச நாள்ல ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் ஒண்ணு வரும், மாசம் 18.36 யூரோ. டிவி இல்லைன்னு தூக்கிப் போடாதீங்க, அது வீட்டுக்குத்தான், ஆளுக்கில்ல. கூட இருக்கிறவர் ஏற்கெனவே கட்டினா அவரோட கட்டண எண்ணை எழுதி அனுப்பினா போதும்.

பாபநாசம்_பையன்

ரொம்ப நன்றிங்க. ஒரு ரூம் பேசிட்டிருக்கேன். 14 சதுர மீட்டர், படம் எல்லாம் பளிச்சுனு இருக்கு. வீட்டுக்காரர் லண்டன்ல இருக்காராம், மூணு மாச முன்பணம் அனுப்பினா சாவியை கூரியர்ல அனுப்புறேங்கிறார். அனுப்பலாமா?

அரசலாறு

அனுப்பாதீங்க. வெளிநாட்டுல இருக்கேன், சாவி கூரியர்ல வரும்னு சொன்னாலே பேச்சை நிறுத்திடலாம். வீடியோ கால்ல ரூமையும் ஜன்னலுக்கு வெளியே தெருவையும் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டார்.

முன்பணம் அதிகபட்சம் மூணு மாச கால்ட்மீட்டே, அதாவது ஹீட்டர், தண்ணிச் செலவு சேர்க்காத வாடகை. அதையும் மூணு தவணையாக் கட்ட சட்டம் இடம் கொடுக்குது, முதல் தவணை குடியேறும்போது. சாவி வாங்கும்போது சுவர், தரை, குழாய், மெத்தை எல்லாத்தையும் படம் எடுத்து அன்னிக்கே வீட்டுக்காரருக்கு மெயில் பண்ணிடுங்க.

ரூம் இன்னும் அமையலைன்னா கம்பெனி மனிதவளத் துறைக்கு ஒரு மெயில் போடுங்க. செப்டம்பர்–மார்ச் பயிற்சி முடிச்சுக் கிளம்புறவங்க ரூம் மார்ச் கடைசியிலதான் காலியாகும். அவங்க பட்டியல்ல பேரைச் சேர்க்கச் சொல்லிட்டு, அதுவரைக்கும் பதிவுத் தாள் தர்ற மாச வாடகை விடுதி ஏதாவது பாருங்க. பியூர்கர்பியூரோ நேரத்தையும் இங்கிருந்தே ஆன்லைன்ல பிடிச்சுடுங்க. ரெண்டு வாரத்துக்குள்ள நேரம் கிடைக்கலைன்னா கிடைச்ச தேதியைப் பிடிச்சு அந்த உறுதி மெயிலைப் பத்திரமா வச்சுக்கோங்க. பேங்க் ஓடிபி நம்ம ஊர் சிம்முக்குத்தான் வரும், கிளம்புறதுக்கு முன்னாடி அதுல ரோமிங்கைத் திறந்து வைங்க.