யூஎஸ்பி வைஃபை அடப்டர் இடைக்கிடை அறுகிறது, உதவி தேவை

என்னுடைய லப்டொப் திங்க்பேட் டி420, 2011இல் வந்த மொடல், விண்டோஸ் 10. உள்ளே இருக்கும் வைஃபை கார்ட் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். அதை மாற்றலாம் என்றால் பயாஸ் (லப்டொப்பைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) கண்ட கண்ட கார்டை ஏற்காது. அதனால் போன மாதம் யாழ் டவுனில் ஒரு யூஎஸ்பி அடப்டர் வாங்கினேன். 5 கிகாஹேர்ட்ஸும் பிடிக்கும், உள்ளே இருக்கும் சிப் ரியல்டெக் 8812பியூ.

செருகியதும் நல்ல வேகம். ஆனால் சூம் வகுப்போ பெரிய டவுன்லோடோ தொடங்கினால் கால் மணித்தியாலத்துக்குள் அறுந்துவிடும். நீல லைட் அணையும், அடப்டர் கையில் சுடும், திரையில் புதிதாக ஒரு சீடி டிரைவ் வந்து நிற்கும்! (அடப்டருக்குள்ளேயே ட்ரைவரை வைத்து, சீடி மாதிரிக் காட்டும் அந்தப் போலி சீடிதான்.) கழற்றிச் செருகினால் மறுபடி வேலை செய்யும். சும்மா பிரவுஸ் பண்ணும்போது பிரச்சினை இல்லை.

ட்ரைவரை அழித்துப் புதிதாகப் போட்டாயிற்று. பவர் ஒப்ஷனில் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்டையும் (சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் வசதி), டிவைஸ் மேனேஜரில் பவர் மிச்சப்படுத்தும் டிக்கையும் எடுத்துவிட்டேன். போர்ட் மாற்றினேன், மஞ்சள் போர்ட் உட்பட எல்லாமே யூஎஸ்பி 2.0 தான். கொக்குவிலில் எங்கள் வீடு தடித்த சுவர் உள்ள பழைய கல்வீடு, சரி என்று விறாந்தையில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தும் பார்த்தேன். அதே கதை. தம்பியின் புது லப்டொப்பில் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் போட்டால் மணிக்கணக்காக ஓடுகிறது.

யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஅம்பியர்தான் தரும், 3.0 என்றால் 900. அதுதான் போதவில்லையோ என்று சந்தேகம்.

தனிப் பவர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்கினால் இது சரிவருமா, இல்லை வேறு சிப் உள்ள அடப்டர்தான் எடுக்கவேண்டுமா?